65க்கு 44

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே கவர்னரை ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள். நியூயார்க்கின் அல் ஸ்மித் 1918இல் ஜெயித்தார், 1920இல் தோற்றார், 1922இல் மறுபடி ஜெயித்தார். நமக்குக் கவர்னர் லண்டனிலிருந்து கப்பலில் வந்தார். அவருக்கு யார் ஓட்டும் தேவைப்படவில்லை. ஓட்டு தேவைப்பட்டவர் அவருக்குக் கீழே இருந்த முதல் மந்திரி.

1920 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 98 தேர்தல் இடங்களில் நீதிக்கட்சிக்கு 63 கிடைத்தன. 1921இல் பனகல் ராஜா முதல் மந்திரி ஆனார். வகுப்புவாரி அரசாணையும், அறநிலையச் சட்டத்துக்கான மசோதாவும் அவர் காலத்தவை. ஆனால் 1923இல் கட்சி 98இல் பாதியைக்கூடத் தொடவில்லை. மந்திரிகள் எல்லாரும் தெலுங்கர்கள் என்ற முணுமுணுப்பு கட்சிக்குள்ளேயே இருந்தது. இருந்தும் கவர்னர் வெலிங்டன் பனகலையே மறுபடி அழைத்தார். புதிய மந்திரிசபையில் தமிழரான சிவஞானம் பிள்ளைக்கும் இடம் தரப்பட்டது.

எதிர்ப்பு அதோடு அடங்கவில்லை. நவம்பர் 27 அன்று சி. ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இவரும் நீதிக்கட்சியிலிருந்து பிரிந்தவர்தான், தெலுங்கர்தான். சித்தூர்க்காரர். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம்தான் அது பிரிந்து போக, சேலத்திலிருந்து எங்கள் திருப்பத்தூர் வந்து சேர்ந்தது.

தீர்மானம் 65க்கு 44 என்று தோற்றது. பனகல் 1926 வரை நீடித்தார்.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, இது முழு ஜனநாயகம் இல்லை. சபையில் நியமன உறுப்பினர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் ஓட்டு உண்டு. வெளியிலோ வரி கட்டுகிறவர்கள், சொத்து உள்ளவர்கள் என்று ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் ஓட்டு. ஆம்பூர் டேனரி முதலாளி வரிசையில் நின்றிருப்பார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டியவருக்குப் பெரும்பாலும் அந்த வரிசையே கிடையாது. போலீஸும் நிதியும்கூட மந்திரிகள் கையில் இல்லை, கவர்னர் பக்கம்தான்.

இன்னொன்று, அந்த 44 பேர். கவர்னர் அழைத்துவிட்டால் மட்டும் போதாது, சபையில் நின்று பதில் சொல்லு என்று ஒரு மந்திரிசபையைக் கேட்டுவிட்டார்கள். பனகலும் கவர்னர் பின்னால் ஒளியாமல் ஓட்டெடுப்பைச் சந்தித்தார். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம். ஆனால் முதலாவதை மறந்துவிட்டு அதைச் சொன்னால், தொட்டியில் நின்றவரை இன்னொரு தடவை வரிசையிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும்.