ஒரு சொல்லும் இரு தலைமுறையும்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1957-இல் வெளியிட்ட 'சன்னியின் ப்ளூஸ்' என்னும் சிறுகதையை, அதிலுள்ள சில பெயர்களின் வரலாறு அறியாமல் முழுமையாகச் சுவைக்க இயலாது.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அண்ணன் கணித ஆசிரியர். தம்பி சன்னிக்கோ ஜாஸ் இசைஞனாக வேண்டும் என்பது வேட்கை. லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் போலவா என்று அண்ணன் வினவ, அது ஊர்ப்பக்கத்துப் பழஞ்சரக்கு என்று தம்பி சினந்து, சார்லி பார்க்கர் பெயரைச் சொல்கிறான். அண்ணன் அப்பெயரைக் கேட்டதும் இல்லை.

ஆம்ஸ்ட்ராங் (1901–1971) தென்னக நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, 1922-இல் சிகாகோ சென்றவர். பார்க்கர் (1920–1955), 1940-களில் எழுந்த 'பீபாப்' என்னும் புதுப்பாணியின் முன்னோடிகளுள் ஒருவர். இங்கே 'ஊர்' என்பது தென்மாநிலங்களைக் குறிக்கும். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் அம்மண்ணை விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறினர். பெயர்ந்து வந்தோர்க்கு ஏக்கமாயிருந்த சொல், நகரில் வளர்ந்த பிள்ளைக்கு ஏளனமாயிற்று.

ஆயினும், கித்தார் வாசித்த சிற்றப்பன் ஒருவர் குடிவெறியர்களான வெள்ளையரின் காரேறி மாண்ட செய்தியைத் தாய் மூத்த மகனிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். இறுதியில் சன்னியும் அவன் தோழர்களும் இசைப்பது 1929-ஆம் ஆண்டுப் பாடல், பழஞ்சரக்கேதான்! அதைக் கேட்கையில் அண்ணன் மனக்கண்ணில் அந்தச் சாலை தோன்றுகிறது.

ஊரை விட்டு வந்த நாமும் எண்ணத்தக்கது இது: சொல்லாது மறைத்த வரலாற்றைப் பிள்ளைகள் மதிக்கவில்லை என்று வருந்துவது முறையாகுமா?