மின் கிதாரும் மின் பெருக்கியும்: தொடக்கநிலை வினாக்களின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

மின் கிதார் பயிலத் தொடங்குவோர் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. மின் பெருக்கி இன்றி இக்கருவியை இசைக்க இயலுமா? இதன் உடல் ஏன் திண்மரமாக உள்ளது? இரைச்சல் எங்கிருந்து வருகிறது? ஒலி திரிவது கருவியின் பழுதா? எளிய ஐயங்களாகத் தோன்றினும், இவை ஒவ்வொன்றும் 1930களுக்கும் 1960களுக்கும் இடையே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எதிர்கொள்ளப்பட்ட ஒரு தொழில்நுட்பச் சிக்கலின் எச்சமாகும். பெருக்கி என்பது கிதாரின் துணைப்பொருள் அன்று, அக்கருவியின் மறுபாதி என்பதை இவ்வினாக்களின் வரலாற்றுவழி நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பெருக்கியின் தேவை

ஊதுகருவிகளும் முரசுகளும் முழங்கிய நடன அரங்குகளில் கிதாரின் ஒலி அமுங்கிப்போயிற்று. இக்குறையைப் போக்க முனைந்த ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் இணைந்து 1932இல் வார்ப்பு அலுமினியத்தாலான மின் கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். மடியில் கிடத்தி இசைக்கும் ஹவாய் வகையைச் சார்ந்த அக்கருவி, தன் வடிவத்தால் 'வறுசட்டி' என்னும் பட்டப்பெயர் பெற்றது. அதற்கான காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது.

காந்தப்புலத்தில் எஃகுத் தந்தி அதிரும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பிக்கப் எனப்படும் உறுப்பின் அடிப்படை இதுவே. நைலான் தந்தி இதற்குப் பயன்படாமைக்கும் இதுவே காரணம். இவ்வாறு தோன்றும் மின்குறிப்பு மிகச் சிறியது. ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கும் ஆற்றல் அதற்கில்லை. எனவே பெருக்கியின்றி விரற்பயிற்சி செய்யலாம். அக்கருவிக்குரிய ஒலியைப் பெற இயலாது.

திண்மர உடலும் இரைச்சலும்

1936இல் வெளிவந்த கிப்சன் இ.எஸ்.-150 உள்ளீடற்ற உடலைக் கொண்டது. சார்லி கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த பின்னர், கிதார் தனியிசைக்குரிய கருவியாக மதிப்புப் பெற்றது. எனினும் ஒலியளவைக் கூட்டியபோது, ஒலிபெருக்கியின் அதிர்வு உள்ளீடற்ற உடலை மீண்டும் அதிரச் செய்து ஊளையொலியை எழுப்பியது. இதற்குத் தீர்வாகவே திண்மர உடல் பரவலாயிற்று. வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர் 1950இல் வெளியிட்ட திண்மரக் கிதார், 1951இல் டெலிகாஸ்டர் என்னும் பெயரைப் பெற்றது. கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் பால் பெயரிலான கிதாரை வெளியிட்டது.

கம்பிச் சுருள், தந்தியின் அதிர்வை மட்டுமன்றி மின்கம்பிகள் எழுப்பும் காந்த அலைவையும் ஏற்கிறது. தொடக்கநிலையினரை மருட்டும் ரீங்காரம் இதனால் எழுவதாகும். கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் அமைப்பில், எதிரெதிர்த் திசையில் இணைந்த சுருள்கள் ரீங்காரத்தை ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. காந்த முனைகளும் எதிரெதிராக அமைவதால் தந்தியின் குறிப்பு வலுப்பெறுகிறது.

பழுது பண்பானமை

வெற்றிடக் குழல் பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் இயக்கினால் அலையின் முகடுகள் மழுங்குகின்றன. புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. பொறியாளர்க்கு இது தவிர்க்கத்தக்க குறை. இசைஞர்க்கோ புதிய குரல். 1951இல் பதிவான 'ராக்கெட் 88' பாடலில் சேதமுற்ற பெருக்கியின் கரகரப்பு அவ்வாறே இடம்பெற்றது. நாஷ்வில் ஒலிப்பதிவொன்றில் பழுதுற்ற கலவைக் கருவி எழுப்பிய ஒலியே, 1962இல் சந்தைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் ஒலித்திரிபுக் கருவிக்கு வித்தாயிற்று. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஒலிபெருக்கியின் கூம்புத்தாளைச் சவர அலகால் கிழித்து அத்தகைய ஒலியைப் பெற்றார். லண்டனில் ஜிம் மார்ஷல் குழுவினர் ஃபெண்டர் பாஸ்மேன் பெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய பெருக்கிகள் ராக் இசையின் ஒலியை வடிவமைத்தன. குறைக்கடத்திப் பெருக்கிகள் எடை குறைந்தவை. எனினும் அவற்றின் எளிய சுற்றுகள் முகட்டைச் சடுதியில் வெட்டுவதால், பலர் இன்றும் வெற்றிடக் குழலை நாடுகின்றனர்.

முடிவுரை

ஊளையும் ரீங்காரமும் களையப்பட்டன. ஒலித்திரிபு மட்டும் பேணப்பட்டது. எது பிழை, எது இசை என்பதை இறுதியில் முடிவு செய்தவர் வடிவமைத்தோர் அல்லர். இசைத்தோரும் கேட்டோருமே ஆவர். எனவே கிதாரை மட்டும் காட்சிப்படுத்திப் பெருக்கியை விலக்கும் இசைக்கருவி வரலாறு பாதி வரலாறே ஆகும். 'எந்தப் பெருக்கியை வாங்குவது?' என்னும் வினாவும், உண்மையில் 'எவ்வொலியை இசையென ஏற்பது?' என்னும் வினாவே என்பது இவ்வாய்வின்வழிப் புலப்படுகிறது.