கல்பாக்கம் அணு உலைக் குழாய்களை ஏன் மாற்றினார்கள்? சிர்க்கோனியம் உள்ளுக்குள் மாறும் கதை

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அணு உலையின் ஆயுள் பல பத்தாண்டுகள் என்பார்கள். ஆனால் 20 ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டியிருந்தது. 2002-க்கும் 2006-க்கும் இடையே, ஒவ்வொரு உலையிலும் இருந்த 306 அழுத்தக் குழாய்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள்.

பழைய குழாய், புதிய குழாய் இரண்டுமே சிர்க்கோனியம்தான். அப்புறம் ஏன் மாற்றணும்?

சிர்க்கோனியம் ஏன்?

இந்த வகை உலையில் யுரேனியம் எரிபொருள் குழாய்களுக்குள் இருக்கும். அதைச் சுற்றிச் சூடான கனநீர் அதிக அழுத்தத்தில் ஓடும். குழாய் வலுவாகவும் இருக்க வேண்டும், நியூட்ரான்களை விழுங்காமலும் இருக்க வேண்டும். சிர்க்கோனியம் இந்த இரண்டுக்கும் பொருந்துகிறது.

மூலப்பொருள் நம்ம ஊர் மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் சிர்க்கான் என்ற கனிமம் கிடைக்கிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்க்கோனியம் தயாரிக்கும் ஆலையே இருக்கிறது. கனிமத்தில் கூடவே வரும் ஹாஃப்னியம், சிர்க்கோனியத்தைவிட சுமார் 600 மடங்கு நியூட்ரான்களை விழுங்கும். அதனால் அதைப் பிரித்தெடுப்பது கட்டாயம்.

நிலைமாற்றம் என்றால் என்ன?

கல்யாண மண்டபத்தில் அதே நாற்காலிகளைப் பந்திக்கு ஒரு மாதிரி, கச்சேரிக்கு வேறு மாதிரி போடுவார்கள் இல்லையா? உலோகத்திலும் அப்படித்தான். உருகாமலேயே, திடமாக இருக்கும்போதே அணுக்களின் வரிசை மாறும்.

சாதாரண வெப்பநிலையில் சிர்க்கோனிய அணுக்கள் அறுகோண வரிசையில் இருக்கும். இதற்கு ஆல்ஃபா என்று பெயர். சுமார் 865 டிகிரி செல்சியஸில் அவை கனசதுர வரிசைக்கு மாறும். அது பீட்டா. வேறு உலோகங்களைக் கலந்தால் இந்த எல்லை நகரும். இரண்டு நிலைகளும் சேர்ந்தே இருக்கவும் முடியும்.

பழைய குழாயில் என்ன சிக்கல்?

ஓடும்போது சுமார் 290 டிகிரிதானே, 865 எங்கே என்று தோன்றலாம். இங்கே நடப்பது வேறொரு நிலைமாற்றம்.

கனநீர் குழாயை மெல்ல அரிக்கும்போது டியூட்டீரியம், அதாவது கனஹைட்ரஜன், வெளிவருகிறது. அதில் ஒரு பகுதி உலோகத்துக்குள் போய்விடும். 300 டிகிரியில், பத்து லட்சம் பங்கு எடைக்கு சுமார் 60 பங்கு ஹைட்ரஜன்வரை உலோகத்தில் கரைந்திருக்கும். உலை ஆறும்போது அந்த அளவு கிட்டத்தட்ட பூஜ்ஜியமாகிவிடும். சூடான சர்க்கரைப் பாகு ஆறினால் பூத்துப் போகுமே, அதுபோல மிச்சம் ஹைட்ரைடு தகடுகளாகப் படியும். ஹைட்ரைடு எளிதில் நொறுங்கும். விரிசல் தொடங்க அது போதும்.

1983 ஆகஸ்ட் 1-ம் தேதி கனடாவின் பிக்கரிங் இரண்டாம் உலையில் இப்படித்தான் ஓர் அழுத்தக் குழாய் நீளவாக்கில் பிளந்தது. அது சிர்கலாய்-2. சிர்க்கோனியத்தில் வெள்ளீயமும் சிறிதளவு இரும்பு, குரோமியம், நிக்கலும் சேர்ந்த கலவை. கல்பாக்கத்தின் பழைய குழாய்களும் இதே கலவையில் செய்தவைதான்.

புதிய குழாயில் என்ன வித்தியாசம்?

இதில் 2.5 சதவீதம் நியோபியம் இருக்கிறது. ஆல்ஃபா மணிகளுக்கு இடையே மெல்லிய பீட்டா படலங்கள் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். குழாய் வலுவாக இருக்கும். ஹைட்ரஜனை உறிஞ்சும் வேகமும் மிகக் குறைவு.

ஆனால் பீட்டா படலம் 290 டிகிரியில் நிலையானது அல்ல. பல ஆண்டுகளில் அது மெல்லச் சிதைந்து, நியோபியம் செறிந்த வேறொரு நிலையாக மாறுகிறது. அந்தப் படலம் தொடர்ச்சியாக இருக்கும்வரை ஹைட்ரஜன் அதன் வழியே வேகமாக நகரும். அது துண்டு துண்டானால் ஹைட்ரைடு விரிசல் பரவும் வேகம் குறையும். ஆக, எல்லா மாற்றமும் கெடுதல் அல்ல.

விபத்து நேரத்தில்?

குளிர்விக்கும் நீர் நின்றுபோனால் எரிபொருளின் சிர்க்கோனிய உறை 865 டிகிரியையும் தாண்டலாம். அப்போது நீராவியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே புகும். ஆக்சிஜன் நிறைந்த பகுதி, அந்த வெப்பத்திலும் ஆல்ஃபாவாகவே நின்று நொறுங்கும் தன்மை பெறும். அவசர நீர் பாயும்போது உறை தாக்குப்பிடிக்குமா என்பது பெரும்பாலும் நடுவில் எவ்வளவு பீட்டா மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விதிகளில் வரும் 1204 டிகிரி உச்சவரம்புக்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல் நீராவியுடன் நடக்கும் வினை கட்டுமீறும், ஹைட்ரஜன் குவியும். 2011-ல் ஃபுகுஷிமாவில் வெடித்தது அந்த ஹைட்ரஜன்தான்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

முழுசா இல்லை. 2016 மார்ச் 11 அன்று குஜராத்தின் காக்ராபார் முதல் உலையில் கசிந்தது நியோபியம் கலந்த புதிய வகைக் குழாய். குழாய்களின் வெளிப்பரப்பில் அரிப்பு இருந்தது பிறகு தெரியவந்தது. எல்லாக் குழாய்களையும் மாற்றிய பின், 2019-ல்தான் உலை மீண்டும் இயங்கியது.

நல்ல கலவை கூடுதல் காலத்தைத் தரும். குழாய்களைத் தொடர்ந்து சோதித்து, உள்ளே ஏறியுள்ள ஹைட்ரஜனை அளந்துகொண்டே இருந்தால்தான் அந்தக் காலத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும். 'பராமரிப்புக்காக உலை நிறுத்தம்' என்று அடுத்த முறை செய்தி பார்த்தால், உள்ளே நடக்கும் முக்கிய வேலைகளில் ஒன்று இதுவாகவும் இருக்கலாம்.