ஐஸ் தண்ணீர் இலவசம்!

அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடக்கிறவர்கள், தெற்கு டகோட்டாவில் ஒரு மருந்துக்கடை வாசலில் பிரேக் போடாமல் போவதில்லை. ஊர் பெயர் வால் (சேட்டை 'வால்' அல்ல, சுவர்!). மருந்துக்கடையில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா?

1931-ல் டெட் ஹஸ்டெட் அதை வாங்கியபோது ஒன்றுமே இல்லைதான். ஊரில் மொத்தமே 326 பேர். பொருளாதார மந்தம் வேறு. 'ஐந்து வருஷம் பார்ப்போம்' என்று கெடு வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஈ ஓட்டினார்கள்.

கெடு முடிய சில மாதங்களே பாக்கி. 1936 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குட்டித் தூக்கம் போடப்போன மனைவி டோரதி சீக்கிரமே எழுந்து வந்துவிட்டார். ரோட்டில் ஓயாத கார் சத்தம்! தூக்கம் போச்சு, யோசனை வந்தது. வெயிலில் வறுபட்டு வருகிறவர்களுக்கு என்ன வேண்டும்? ஜில்லென்று தண்ணீர்! இலவசம் என்று போர்டு வைத்தால்?

டெட்டுக்கு அசட்டுத்தனமாகத்தான் பட்டது. இருந்தும் ஒரு பையனோடு போய் நெடுஞ்சாலையோரம் பலகைகளை நட்டுவிட்டுத் திரும்பினால்... கடையில் கூட்டம்! தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அப்படியே ஐஸ்க்ரீமும் வாங்கினார்கள். அடுத்த கோடையில் எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்கவேண்டியதாயிற்று. (இலவசம் என்றால் செலவுக் கணக்கு என்றுதான் எனக்கு பி.காமில் சொல்லிக்கொடுத்தார்கள்!)

80 அடி டைனோசர் பொம்மையெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. ஐஸ் தண்ணீருக்கு இன்றும் காசு கிடையாது.