ஒளிப்பின்னல்களில் குவாண்டம் பாவனை

ஒன்றையொன்று சதா பாதிக்கும் அநேகத் துகள்களின் நடத்தையைக் கணித்து முடிப்பது மாபெரும் கணிப்பொறிகளுக்கும் எட்டாதாகையால், அதே விதிகளுக்கு உட்பட்டதும் நம் கைக்கு அடங்குவதுமான வேறொரு துகட்கூட்டத்தைச் சோதனைச் சாலையில் அமைத்து, அதைக் கொண்டு முன்னதை அறியும் முறை குவாண்டம் பாவனை எனப்படும். எதிரெதிராகச் செல்லும் லேசர் கற்றைகள் கலந்து நிலையலையாகும்போது அரை அலைநீளத்துக்கு ஒன்றாக ஆற்றற்குழிகள் தோன்ற, அவற்றில் அதிகுளிர் அணுக்கள் குடிகொள்ளும் அமைப்பே ஒளிப்பின்னலாகும். வலங்கைமான் பக்கத்து நஞ்சையில் ஒரு வயலின் நீர் வரப்பினூடே அடுத்த வயலுக்குக் கசிவதுபோல் அணுவும் குழிவிட்டுக் குழி கசிகிறது. இவ்வரப்பையோ லேசரின் செறிவால் விரும்பியபடி உயர்த்தலாம், தாழ்த்தலாம்.

இத்துறையின் மூலம் 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் வகுத்தளித்த புள்ளியியலாகும். அதன் வழியே முன்னறியப்பட்ட, அணுக்கள் ஒரே நிலையில் திரளும் ஒடுக்கம் 1995-ல் ரூபிடிய வாயுவில் சித்தித்தது. இதற்கிடையே, பின்னலில் உலவும், போஸின் புள்ளியியலுக்கு உட்பட்ட துகள்களாகிய போஸான்கள் தடையற்றோடும் மீபாய்மமாகவும், குழிக்கு இத்தனையென நின்றுவிடும் மாட் காப்பானாகவும் இருவகை நிலை எய்தும் என்பதை 1989-ல் ஃபிஷரும் கூட்டாளிகளும் நிறுவியிருந்தனர். அக்கொள்கையைக் கையாளத்தக்க கருவியாக்கிய பெருமை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்தது. சேஷாத்ரி, எச். ஆர். கிருஷ்ணமூர்த்தி, ராகுல் பண்டிட், சென்னையிற் பிறந்த டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழியை மாத்திரம் தனித்தெடுத்து, அண்டைக் குழிகளின் செல்வாக்கை ஒரு சராசரிப் புலமாகப் பாவித்து, அப்புலம் எங்கே பூஜ்யமாகிறதோ அங்கேயே மீபாய்மம் மறைகிறதெனக் கண்டனர். குழிக்கு ஓரணு நிற்கையில், ஒரே குழியில் நேரும் இரண்டு அணுக்களின் விலக்காற்றல் கசிவாற்றலைப்போல் அண்டைக் குழியொன்றுக்கு 5.8 மடங்காகும்போது, அதாவது ஆறு அண்டைகளையுடைய கனசதுரப் பின்னலில் ஏறக்குறைய 35 மடங்காகும்போது, இம்மாற்றம் நிகழும். பிற்காலப் பெருங்கணிப்புகள் இவ்வெல்லையை 29 என்று திருத்தின; எனினும் இன்றும் மாணாக்கர் முதலிற் பயில்வது இந்த எளிய வழியையே.

குளிர்ந்த அணுக்களால் இந்நிலைமாற்றத்தைச் சோதிக்கலாமென்று யாக்‌ஷ், ஸோலர் முதலியோர் 1998-ல் காட்ட, 2002-ல் மியூனிக்கில் கிரைனர், பிளாக் முதலியோர் 852 நானோமீட்டர் லேசரால் பின்னிய ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழிகளில் சுமார் இரண்டு லட்சம் அணுக்களை இட்டனர். பின்னலை ஆழமாக்கியபோது, மீபாய்மத்துக்கு அடையாளமான, விடுபட்ட அணுக்களின் குறுக்கீட்டுப் புள்ளிகள் மறைந்தன. தாழ்த்தியதும் மீண்டும் தோன்றின.

தனி அணுவையே காட்டும் நுண்ணோக்கிகள் 2009 முதல் வழங்குகின்றன. போஸான்களல்லாத மற்றொரு வகைத் துகள்களான ஃபெர்மியான்களைக் கொண்ட சோதனைகளும் நடைபெறுகின்றன. இந்தியாவில் குவாண்டம் ஆய்வை ஊக்குவிக்க 6,003 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய குவாண்டம் திட்டம் 2023-ல் அங்கீகரிக்கப்பட்டது.