செய்தியைக் கையில் கொண்டுவந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. நாளிதழ்க் கட்டுகளை இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடும் ரயிலிலிருந்தே வீச வேண்டியதாயிற்று. ஊரில் பத்திரிகை விநியோகித்துவந்த சம்சுதீன், விழும் கட்டுகளைப் பிடித்தெடுக்க உறவுக்காரச் சிறுவன் ஒருவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1931இல் பிறந்த அச்சிறுவனே பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம். தாம் ஈட்டிய முதல் கூலி அது என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியை நாம் பிள்ளைகளுக்கு ஏழ்மையும் உழைப்பும் பற்றிய பாடமாகவே சொல்லிவருகிறோம். நாம் கவனிக்கத் தவறியவர் சம்சுதீன். எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்த அத்தீவுக்கு, உலகச் செய்தி அவர் ஒருவரின் கை வழியாகவே வந்தது. விடுதலைப் போராட்டத்தை அறியச் சிலர் வாங்கினர். சோதிடம் பார்க்கவும், சென்னையில் தங்கம் வெள்ளி என்ன விலை என்று அறியவும் வேறு சிலர் வாங்கினர். 1934இல் தொடங்கப்பட்ட தினமணிக்கே அங்கு மிகுந்த கிராக்கி.

தமிழ் இதழியல் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1882இல் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ தோன்றியது. அதே ஆண்டில் இலங்கையில் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ நடத்தினார். பின்னர் பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’, அப்துஸ் ஸமது அவர்களின் ‘மணிச்சுடர்’. இப்பெயர்களை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அச்சான தாளைச் சுமந்து சென்றவர்கள் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. கலாம் எழுதியிராவிட்டால் சம்சுதீனும் மறைந்தே போயிருப்பார்.

சிறுசேரி இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் அறியப்படும் ஊர். நாவலூரும் கேளம்பாக்கமும் பக்கத்தில். இந்தப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்தன, மக்கள்தொகை பெருகியது. பெருகிய மக்களுக்கேற்ப நாளிதழும் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில், தெருமுனையில் அமர்ந்து இணைப்பிதழ்களைச் செருகிக்கொண்டிருந்த இளைஞர்களை இப்போது காண்பது அரிது. பெட்டிக்கடை வாசலில் தலைப்புச் செய்திச் சுவரொட்டி தொங்கிய இடத்தில் இன்று கைப்பேசி ரீசார்ஜ் விளம்பரம் தொங்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பேப்பர் போடுபவருக்கு மாடி ஏற அனுமதி கிடைப்பதும் எளிதன்று. காவலாளியின் மேசையோடு அவர் பயணம் முடிந்துவிடுகிறது.

இதில் வருந்தத்தகாத ஒன்றும் உண்டு. விடியலுக்கு முன் எழுந்து சைக்கிள் மிதித்தவர்களில் பலர் பள்ளிச் சிறுவர்கள். அவர்கள் அந்த நேரத்தில் உறங்குவது நல்லதே.

ஆனால் செய்தி கைமாறும் முறையே மாறிவிட்டதை அப்படி எளிதாக எடுத்துக்கொள்ள இயலாது. ஒரு செய்தியை ஏற்குமுன் அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்று வினவுவது நம் மார்க்க அறிஞர்களின் வழக்கம். அந்த அறிவிப்பாளர் தொடரையே இஸ்னாத் என்கிறோம். நாளிதழை ஹதீஸோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆயினும் அதற்கும் ஒரு தொடர் இருந்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை இதழில் குறிப்பிட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. அத்தொடரின் கடைசிக் கண்ணி, மாதம் பிறந்ததும் காசு வாங்க நம் வாசலுக்கு வந்தவர். கைப்பேசியில் வந்து விழும் செய்திக்கு முதற்கண்ணியும் இல்லை, கடைசிக் கண்ணியும் இல்லை.

அதன் விலையை 2020இல் நம் சமுதாயம் கொடுத்தது. பெருந்தொற்றைத் தப்லீக் ஜமாஅத்தின் மீது சுமத்திய காணொளிகள் கைக்குக் கை பரவின. அச்சு ஊடகமும் இதில் தூய்மையாக இருந்துவிடவில்லை. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அச்சு, மின்னணு ஊடகங்கள் இரண்டையுமே கண்டித்தது. எனினும் அச்சில் வந்ததற்கு மறுப்புக் கேட்க ஒரு முகவரி இருந்தது.

அந்த ஆண்டுதான் விநியோகத்திற்கும் பேரிடி. தாளில் கிருமி வரும் என்ற அச்சத்தால் வீடுகள் இதழை நிறுத்தின. மும்பையில் விநியோகம் நின்றதால் சில நாள்கள் நாளிதழ்கள் அச்சாகவே இல்லை. இங்கே நாளிதழ்களைத் தடைசெய்யக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. ஆனால் நின்ற வீடுகள் பல திரும்பவில்லை.

திரும்பாததன் சுமை, நிறுத்தாதவர்கள் மீதே விழுகிறது. பேப்பர் போடுபவருக்கு வருமானம் ஒவ்வொரு பிரதிக்கும் கிடைக்கும் சிறு கழிவுத்தொகைதான். ஒரு தெருவில் நூறு வீடுகள் வாங்கினால் அந்தச் சுற்று கட்டுபடியாகும். அதே தெருவில் பத்து வீடுகள் மட்டுமே மிஞ்சினாலும் மிதிக்கும் தூரம் குறைவதில்லை. வண்டியாயின் பெட்ரோலும் குறைவதில்லை. ஒரு நாள் அந்தச் சுற்றையே அவர் கைவிடுகிறார். அப்போது எஞ்சிய பத்து வீட்டாரும், பெரும்பாலும் சிற்றெழுத்துத் திரையில் படிக்க இயலாத முதியவர்கள், விருப்பமும் காசும் இருந்தும் நாளிதழ் இல்லாமற் போகிறார்கள்.