அமெரிக்க வீட்டுத் தரகு: ஆறு சதவீதம் நிலைத்த வரலாறு

அமெரிக்காவில் வீடு விற்பவர் கிரயத்தில் ஐந்து அல்லது ஆறு சதவீதத்தைத் தரகுக்கு ஒதுக்குவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் எழுதாத விதியாக இருந்தது. 4,00,000 டாலருக்குப் போன வீட்டில் ஆறு சதவீதம் என்றால் 24,000 டாலர். விற்பவரின் தரகரும் வாங்குபவரை அழைத்து வந்த தரகரும் பெரும்பாலும் இதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பாதியிலும் தரகர் வேலை செய்யும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வாங்குபவரின் தரகருக்கும் விற்பவரே படியளந்தார் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் விசித்திரமானது. இந்த வீதத்தை எந்தச் சட்டமும் நிர்ணயித்ததில்லை. அது நிலைத்ததற்குத் தரகர் சங்கங்களின் வரலாறே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுத் தரகுக்கு உரிமமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. அலுவலகம் வைத்திருந்தவர்கள், நடைபாதையில் நின்றே வியாபாரம் பேசியவர்களை ‘நடைபாதைக் கல்காரர்கள்’ என்று இளக்காரமாக அழைத்தார்கள். ஒரே வீட்டை உரிமையாளர் பல தரகர்களிடம் சொல்லி வைப்பார்; ஆளைக் கொண்டுவந்து முடித்தவருக்குக் காசு, மற்றவர்கள் அலைந்தது வீண். இன்னொரு முறையில் “என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும்” என்று உரிமையாளர் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் வந்ததெல்லாம் தரகருக்கு. வீட்டின் உண்மையான மதிப்பு அறியாத உரிமையாளர் ஏமாற இதைவிட வசதியான வழி கிடையாது என்பதால், பிற்காலத்தில் பல மாநிலங்கள் இந்த முறையைத் தடைசெய்தன.

அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நகரத் தரகர்கள் உள்ளூர்ச் சங்கங்களில் கூடி, தங்கள் கையில் உள்ள வீடுகளின் விவரத்தைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள். ‘என் வீட்டை நீ விற்றுக் கொடு, என் தரகில் உனக்குப் பங்கு’ என்பதே உடன்பாடு. பின்னாளில் எம்.எல்.எஸ். என்று பெயர்பெற்ற கூட்டுப் பட்டியலின் விதை இதுதான். இந்த உள்ளூர்ச் சங்கங்கள் 1908இல் சிகாகோவில் ஒன்றுகூடித் தேசியச் சங்கத்தை அமைத்தன. 1913இல் நெறிமுறைக் கோவை எழுதப்பட்டது. 1916இல் மினியாபொலிஸைச் சேர்ந்த சார்ல்ஸ் சாட்போர்ன் என்ற தரகர், சங்க உறுப்பினரை மற்றத் தரகர்களிடமிருந்து பிரித்துக் காட்ட ‘ரியல்டர்’ என்ற சொல்லை உருவாக்கினார். அந்தப் பட்டத்தின் பெருமிதம் எவ்வளவு ஊறிப்போனது என்பதற்கு, 1922இல் சின்க்ளேர் லூயிஸ் எழுதிய ‘பாபிட்’ நாவலின் நாயகன் ஒரு ரியல்டராக இருப்பதே சான்று. லூயிஸ் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார்.

நெறிமுறையோடு விலைப்பட்டியலும் வந்தது. உள்ளூர்ச் சங்கங்கள் தரகு வீதத்தை அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்தன. அதற்குக் குறைவாகப் பேசி ஆள் பிடிப்பது தொழில் ஒழுக்கத்துக்கு எதிரானதாகக் கருதப்பட்டது. தலைநகரான வாஷிங்டனின் சங்கம் இதைத் தன் நெறிமுறையிலேயே எழுதி வைத்திருந்தது. வணிகப் போட்டியைத் தடுக்கும் கூட்டுகளுக்கு எதிரான 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தைக் காட்டி அரசு வழக்குத் தொடுத்தது. 1950இல் உச்ச நீதிமன்றம், தரகும் ஒரு வணிகமே, கூடிப் பேசி வீதத்தை நிர்ணயிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வீதத்தை மீறியவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லையே என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால், வாஷிங்டன் சங்கம் சட்டத்தை மீறியது என்ற அதே தீர்ப்பு தேசியச் சங்கத்தை விட்டுவிட்டது. கட்டாய வீதம் பல ஊர்களில் ‘பரிந்துரை’ வீதமாகப் பெயர் மாறிப் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அச்சிட்ட பட்டியல் இல்லாமலும் வீதம் எப்படி ஒன்றாக நகரும் என்பதற்கு 1974இல் நடந்த ஒரு விருந்து நல்ல உதாரணம். மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி கவுன்டியில் முன்னணித் தரகு நிறுவனத்தார் சிலரை, தொழிலில் இருந்த ஒருவர் இரவு உணவுக்கு அழைத்தார். தம் நிறுவனம் நெருக்கடியில் இருப்பதாகவும், தரகை ஆறிலிருந்து ஏழு சதவீதமாக உயர்த்தப் போவதாகவும், மற்றவர்கள் என்ன செய்தாலும் தமக்குக் கவலையில்லை என்றும் சொன்னார். அடுத்த சில மாதங்களில் மற்ற நிறுவனங்களும் ஏழுக்குப் போகத் தொடங்கின. வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சென்றது. தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் உறுதிசெய்தது. கவலையில்லை என்று சொன்னவர் எதற்காக விருந்து வைத்தார் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

ஆனாலும் ஆறு சதவீதத்தைக் காத்தது விருந்துகள் அல்ல, கூட்டுப் பட்டியல்தான். வீட்டைப் பட்டியலில் ஏற்றும் தரகர், வாங்க ஆள் கொண்டுவரும் தரகருக்கு என்ன பங்கு என்பதை அதிலேயே குறிப்பிட வேண்டியிருந்தது. பங்கு குறைவாக இருந்தால் மற்றத் தரகர்கள் அந்த வீட்டைக் காட்டாமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் விற்பவருக்கு. எனவே யாரும் கட்டாயப்படுத்தாமலே வழக்கமான வீதம் நிலைத்தது. வாங்குபவரை வீடுவீடாக அழைத்துச் சென்ற தரகர், சட்டப்படி விற்பவரின் துணை முகவராகவே கருதப்பட்டார். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவரைத் தம்முடைய ஆள் என்று நம்பியிருந்ததை, கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் 1983ஆம் ஆண்டு அறிக்கை அம்பலப்படுத்தியது. 1990களில் வாங்குபவருக்கென்றே முகவர் என்ற முறை பரவியது. அப்போதும் அவருக்குப் பணம் போனது விற்பவரின் கிரயத்திலிருந்துதான். தன்னோடு விலைக்கு மல்லுக்கட்டும் முகவருக்கு விற்பவரே கூலி கொடுக்கும் நிலை.

இணையம் வந்தபின் வீடுகளின் பட்டியல் எல்லோர் கைக்கும் எட்டியது. விமானப் பயணச்சீட்டு முகவர்களுக்கு நேர்ந்தது வீட்டுத் தரகர்களுக்கும் நேரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது; தரகு மெல்லத்தான் இறங்கியது.

உண்மையான திருப்பம் விற்பவர்கள் தொடுத்த வழக்குகளால் வந்தது. 2019இல் சிகாகோவிலும் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியிலும் தேசியச் சங்கத்தின் மீதும் பெரிய தரகு நிறுவனங்கள் மீதும் வழக்குகள் பதிவாயின. கன்சாஸ் சிட்டி ஜூரி 2023 அக்டோபர் 31 அன்று சில மணி நேர ஆலோசனையிலேயே விற்பவர்களின் பக்கம் நின்று, ஏறத்தாழ 178 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. போட்டித் தடை எதிர்ப்புச் சட்டத்தின்படி அது மூன்று மடங்காகும் வாய்ப்பு இருந்தது. 2024 மார்ச்சில் தேசியச் சங்கம் 41.8 கோடி டாலர் தரச் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டது.

பணத்தைவிட விதிமாற்றம் முக்கியமானது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் தரகருக்கான பங்கைக் கூட்டுப் பட்டியலில் குறிப்பிடக் கூடாது. வீட்டைக் காட்டும் முன்பே வாங்குபவர் தம் தரகரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு, கூலி எவ்வளவு என்பதைத் திட்டவட்டமாகக் குறிக்க வேண்டும். விற்பவர் விரும்பினால் அந்தக் கூலியைப் பட்டியலுக்கு வெளியே பேசித் தாமே ஏற்கலாம். பலர் இன்றும் ஏற்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசுக் கடனில் வீடு வாங்குபவர் தரகு கொடுக்கக் கூடாது என்ற பழைய தடையை, அரசு அதே ஆகஸ்டில் தற்காலிகமாக நீக்க வேண்டியதாயிற்று. தரகு சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டதல்ல, பேசித் தீர்மானிக்கக்கூடியது என்ற வாசகம் இப்போது இந்த ஒப்பந்தங்களில் எளிதில் கண்ணில் படும்படி அச்சாக வேண்டும்.